ஜனாதிபதியின் மாமியார்

அந்தப் பெண்மணியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் தலைவராக இருந்த நாட்டின் பெயரையும் எழுதவில்லை. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் எவ்வளவு உண்மையிலேயே அவருடையது, எவ்வளவு எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்த்தது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாதிக்கு மேல் எங்களுடையதாகிவிட்ட ஒரு கதைக்கு அவர் பெயரை வைப்பது நியாயமாகப் படவில்லை.

கடல் கடந்து எங்கோ இருக்கும் மலை நாடு அது. மகளிர் தின விழாவுக்கு ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தபோது எனக்கு வந்தது, ஒரு நாட்டின் தலைவரான பெண்ணின் வாழ்க்கை. ஒருத்திக்கு விமானம் ஓட்டிய பெண், இன்னொருத்திக்கு இதய மருத்துவர். எங்கள் மகளிர் குழுவை நடத்தும் அக்கா, "நீ படிச்ச புள்ள. அதான் உனக்குப் பெரிய எடமாக் குடுத்திருக்கேன்" என்றார். நான் தமிழில் முதுகலையும் அதற்கு மேல் ஆசிரியர் பட்டமும் முடித்தவள். முடித்துவிட்டு, எங்கள் மலையில் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டங்களில் குண்டனி நாட்டிலிருந்து பைல் நாட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள். எனக்கு எந்த இடம் பெரியது என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்தேன்.

அதே வாரத்தில்தான் வேலையும் வந்தது. மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். பரீட்சை முடியும் வரை அந்த இடத்தில் நான் நிற்கலாம், நன்றாகச் செய்தால் ஜூன் மாதம் முதல் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்றார்கள். விழாவுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், அதற்கு முன் பதில் சொல்ல வேண்டும். மலையிலிருந்து தினமும் பஸ்சில் போய் வர முடியாது. போகவும் வரவும் அரைநாள் வளைவுகளிலேயே கழிந்துவிடும். கீழே அறை எடுத்துத் தங்க வேண்டும். குழந்தைக்கு நான் இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிறந்த முடி இறக்காத குழந்தையை மலை இறக்கக் கூடாது என்பது என் கணவர் வீட்டு வழக்கம். என் பிறந்த வீட்டில் இது இல்லை. இங்கே உண்டு. குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடித்தான் முடி இறக்க வேண்டும். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் ஒரு வருடத்துக்கு அதைச் செய்ய முடியாது. அதனால் என் மகளின் முடி வளர்ந்து கண்ணில் விழுந்தது. உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டுத் தென்னங்குருத்து மாதிரி நிறுத்தி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு என்றால் யாரும் வழக்கம் பேச மாட்டார்கள், அடுத்த நிமிடமே வண்டி எடுப்பார்கள். வேலைக்கு என்றால்? வேலை அவசரமா? அவசரம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லையே, அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கணவரிடம் கேட்டேன். மிளகும் அன்னாசியும் ஏற்றும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். சீசன் நேரம். "உனக்கு எது செரின்னு படுதோ அதைச் செய்யி" என்றார்.

"எனக்கு எது செரின்னு தெரியலீங்க. அதான் உங்களக் கேக்கறேன்."

"நான் சொன்னா நாளைக்கு என்னையச் சொல்லுவே."

மாமியாரிடம் கேட்டேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "உம் இஷ்டம் கண்ணு" என்றார். அவருக்கு ஐம்பது வயது ஆகவில்லை. மாமனார் இறந்த பிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்த்து மகனை வளர்த்தவர். கோபத்தில் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. யாராவது போகாதே என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். போ என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். எல்லோரும் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். என் இஷ்டம் என்ன என்று எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே அந்த நாட்டுத் தலைவரிடம் கேட்டேன். அதாவது, போனில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குழந்தை தூங்கும் நேரமெல்லாம், சிக்னல் கிடைக்கும் பாறையருகே நின்று. மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. பள்ளிக்கு நடந்து போனார். ஆசிரியை ஆனார். ஊர்ச் சபைத் தேர்தலில் நின்றார். பிறகு அமைச்சர். பிறகு நாட்டுக்கே தலைவர். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று ஒவ்வொரு பத்தியிலும் முதல், முதல் என்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்று ஒரு வரி. குழந்தைகளின் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவர் ஊரை விட்டுத் தலைநகரத்துக்குப் போனபோது சின்னவள் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை அப்போது எங்கே இருந்தது? யார் இடுப்பில்? தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். கறுப்புக் கோட்டுப் போட்டுக் கையசைக்கும் படங்கள் எத்தனையோ கிடைத்தன. அந்த ஒரு விஷயம் எதிலும் இல்லை.

விழா பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. பெண்கள் காலையில் மிளகு பறித்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் மாமியார், மடியில் என் மகள். எனக்கு முன் பேசிய பெண்ணின் விமானம் சீக்கிரமே இறங்கிவிட்டது. நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்ததை மனப்பாடம் செய்திருந்தேன்.

"அவங்க ஒரு மலைக் கிராமத்துல பொறந்தாங்க" என்று ஆரம்பித்ததும் முன் வரிசையில் இருந்த அம்மா கையைத் தூக்கினார். ஊரில் யார் பேசினாலும் நடுவில் பேசுகிறவர்.

"என்ன மலை?"

"பேரு வாயில நுழையாதுங்க."

"நீ சொல்லு கண்ணு. நுழையுதா இல்லியான்னு நாங்க பாத்துக்கறோம்."

சொன்னேன். இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் முயன்றபோது கூடமே சிரித்தது.

"அங்க என்ன வெளையுது?"

"உருளைக்கெழங்குங்க. ஆடு மேய்ப்பாங்க."

"மொளகு?"

"இல்லீங்க. குளுரு ரொம்ப சாஸ்தி."

"மொளகு இல்லாத மலை என்ன மலை" என்றது ஒரு குரல். "இருந்தாலும் மலைதான? மலைன்னா நம்மாளுதான்" என்று அடித்துச் சொன்னார் முன்வரிசை அம்மா. அதோடு அவர் விடவில்லை. "அவ பேரும் வாயில நுழையாது. எனக்குத் தங்கச்சி முறைன்னு வெச்சுக்கறேன்."

"நாட்டையே ஆளுறவளத் தங்கச்சிங்கிறே. கோவிச்சுக்க மாட்டாளா?"

"வந்து கேக்கறப்பப் பாத்துக்கலாம்."

எங்கள் ஊரில் முறை வைக்காமல் யாரையும் பற்றிப் பேச முடியாது. முறை வைத்தாகிவிட்டால் பிறகு அந்த ஆள் வேறு யாரோ இல்லை. எதுவும் கேட்கலாம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நான் அமைச்சர் பதவி வரைக்கும் போயிருந்தேன். அவர்கள் என்னைப் பின்னால் இழுத்தார்கள்.

"புள்ள குட்டி?"

"ரெண்டு பேருங்க."

"ஊரை உட்டுப் போறப்ப?"

"சின்னது கைக்கொழந்தையா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

"யாருகிட்ட உட்டுட்டுப் போனா?"

நான் எங்கெங்கோ பதில் தேடிய கேள்வி. அதை இவ்வளவு சாதாரணமாக, பல்லிடுக்கில் வெற்றிலையோடு முன்வரிசை அம்மா கேட்டார். எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "அது எதுலயும் போடலீங்க" என்றேன்.

"போடலியா? ராஜ்யம் பண்ணுனது போட்டிருக்கு, புள்ளைய யாரு வெச்சிருந்தான்னு போடலியா? நல்லா எழுதுனாங்க போ."

"மாமியா வெச்சிருப்பா. வேற யாரு?"

"ஏன், புருசன் வெச்சிருக்கப்படாதா?"

"உம் புருசன் வெச்சிருந்தாரா?"

"எங்கூட்டு ஆளு கோழியவே ஒழுங்கா அடைக்க மாட்டாரு."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. "மாமியா கூடவே எறங்கிப் போயிருப்பா" என்றார் முன்வரிசை அம்மா, நேரில் பார்த்தவர் மாதிரி. "பால் குடிக்கிற புள்ளைய மேல வெச்சுக்கிட்டா? பாலை என்ன, லாரியிலயா ஏத்தி அனுப்புவாங்க?"

"மருமவ கூட்டத்துல பேசிட்டிருப்பா. மாமியா வெளிய புள்ளையோட நிப்பா."

"புள்ள அழுதா?"

"உள்ள தூக்கிட்டுப் போவா. எவன் தடுப்பான்? ஜனாதிபதியோட மாமியாளை?"

அப்படி ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டேனே, எதிலும் போடவில்லை என்று, அது போதாதா என்றும் தோன்றியது. அதற்குள் அக்கா கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவசரமாகத் தலைவர் பதவிக்கு வந்து, வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். கைதட்டல் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. யாருக்குத் தட்டினார்கள் என்று புரியவில்லை.

மறுநாள் குழாயடியில், விழாவுக்கு வராத ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "அந்த நாட்டு ஜனாதிபதி மாமியாளையும் கூட்டிக்கிட்டுத்தான் போச்சாமே. நீதான் சொன்னியாம்." மளிகைக் கடையில் கதை இன்னும் வளர்ந்திருந்தது. பதவி ஏற்கும்போது மாமியார் குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். குழந்தை அழுததும் துப்பாக்கி வைத்திருந்த காவல்காரர்களே வழி விட்டார்களாம். "இல்லீங்க, அப்படி எங்கியும்..." என்று ஆரம்பித்தேன். கடைக்காரம்மா புளியை எடை போட்டபடியே, "நல்ல மாமியா அமையறது ஒரு குடுப்பினை" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மாமியார் பரணிலிருந்து கட்டைப்பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பப் போவோணும்?"

"எங்கீங்க அத்தை?"

"கீழதான். உனக்குத் திங்கக்கெழமைங்கிறாங்க. ஞாயித்துக்கெழமையே எறங்குனாத்தான் செரியா இருக்கும்."

எனக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷம். அது வரவில்லை. நான் கேட்காமலே, கேட்கத் தைரியம் இல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்ததை அவர் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் எதை நம்பிக் கொடுக்கிறார்? மலையை விட்டு இறங்கி ஒரு ராத்திரிகூடத் தங்கியிராதவர். மிளகுக் கொடி அத்தனையும் பாதி பறித்த நிலையில் நிற்கிறது. யாரோ ஒருவருடைய மாமியார், இருந்தாரா இல்லையா என்றே தெரியாத ஒருவர், போனார் என்பதற்காக இவரும் கிளம்புகிறார். இதை வாங்கிக்கொள்வது ஏமாற்று இல்லையா? வேண்டாம் என்று சொல்வது மட்டும் நல்லதா? பையைத் தட்டும் அவரைப் பார்த்தபடி நின்றேன். "புள்ளைக்கு எத்தன துணி வைக்கோணும்?" என்றார். பதில் சொன்னேன். பதில் சொன்னதே சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

முடி விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அதுவாவது தடுக்கும் என்று நினைத்தேனா, தடுக்கக் கூடாது என்று நினைத்தேனா, தெரியாது. அவர் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய மாமா வீட்டுக்கு நடந்தார். மாமனாரின் அண்ணன். பங்காளிகளில் மூத்தவர். நானும் பின்னால் போனேன்.

"முடி எறக்காத புள்ளைய மலை எறக்குவியா?" என்றார் அவர்.

"மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டு எறக்கறனுங்க. கேதம் கழிஞ்சதும் கொண்டாந்து எறக்கறோம்னு சாமிகிட்டச் சொல்லிப்புடறேன்."

"முடியறது ஊட்டு மூத்த ஆம்பளைதான முடியோணும்?"

"இந்த ஊட்டு மூத்த ஆம்பளை இருந்தா முடிஞ்சிருப்பாரு. இல்லியே. அந்த மலை நாட்டு ஜனாதிபதியோட மாமியாளும் இப்படித்தான் முடிஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கா."

நான் அதிர்ந்துபோனேன். இது கூட்டத்தில்கூட யாரும் சொல்லாதது. பெரிய மாமா சந்தேகமாகப் பார்த்தார். "அங்க ஏது மஞ்சத்துணி?"

"மலையில மஞ்ச இல்லாம இருக்குமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா கண்ணு? நீதான படிச்சே?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் குடுமியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அந்த ஊட்டுல என்ன பண்ணுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா. அதெல்லாம் ஒண்ணும் எழுதலீங்க" என்றேன். முடிந்த அளவு தெளிவாகத்தான் சொன்னேன். எல்லாம் முடிந்தது, இனி வேலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஒரு பக்கம் மூச்சு லேசானது மாதிரிகூட இருந்தது.

அவர் சிரித்தார். "பாத்தியா, படிச்ச புள்ளைங்கிறது. தெரிஞ்சாலும் தெரியாதுங்குது. அடக்கம்." மடியை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். "முடிஞ்சு வையி. வெய்யக் காலம், புள்ளைக்குத் தண்ணி நெறையக் குடு."

உண்மையைச் சொன்னாலும் அது உண்மையாகப் போய்ச் சேராமல் இருக்க முடியும் என்பது எனக்கு எந்தப் புத்தகத்திலும் சொல்லித் தரப்படவில்லை.

அன்று சாயந்திரம் அடுப்படியில் அத்தை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அத்தை, அந்தம்மா மாமியாரக் கூட்டிக்கிட்டுப் போனாங்கன்னு எங்கியும் இல்லீங்க. கூட்டத்துல அவங்கவங்களாச் சொன்னதுதான். அத நம்பி நீங்க கெளம்ப வேண்டாமுங்க."

கத்தி நின்றது. "அப்ப யாரு பாத்துக்கிட்டா?"

"தெரியலீங்க."

"பொறந்த புள்ள தானா வளந்துருச்சா?"

"யாராவது பாத்திருப்பாங்க."

"யாரோ பாத்திருக்கா. பேரு போடல. அவ்வளவுதான?" கிழங்கைப் பானையில் போட்டு, "தண்ணி எடுத்தா" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். வருகிறாரா இல்லையா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எனக்கு முன்னாலேயே பஸ் நிற்கும் இடத்தில், குளித்து, கண்டாங்கிச் சேலை கட்டி, கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

சேந்தமங்கலத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் பின்பக்க அறை. வீட்டுக்காரம்மா பருத்தியும் நிலக்கடலையும் போடும் விவசாயக் குடும்பம். நல்ல மாதிரி. நான் காலையில் பள்ளிக்குப் போனால் மத்தியான இடைவேளையில் அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருவார். நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் பால் கொடுக்கத் தலைமையாசிரியை அனுமதித்திருந்தார். பால் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனால் பாதிப் பாடம் நடத்தும் வரை என் மேல் குழந்தை வாசம் இருக்கும். பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டே, அத்தை வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்திருப்பாரா என்று நினைப்பேன்.

கீழே வெயில் மலையில் இருப்பது மாதிரி இல்லை. நாள் முழுவதும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழாய்த் தண்ணீர் உப்பு. "எப்படி இருக்குதுங்க அத்தை?" என்று தினமும் கேட்டேன். "நல்லா இருக்கேன் கண்ணு" என்று தினமும் சொன்னார். அந்தப் பதிலை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருப்பதால்தான் நம்புகிறேனோ என்ற பயமும் இருந்தது. வேலை எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கரும்பலகை முன் நிற்கும்போது நான் குழப்பம் இல்லாதவளாக இருந்தேன். மணி அடித்ததும் மறுபடி பழையபடி ஆகிவிடுவேன்.

போன வியாழக்கிழமை கடைசி வகுப்பு இல்லை. சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் அத்தையும் பின்வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. சந்தில் நின்று செருப்பைக் கழற்றும்போது அத்தையின் குரல் கேட்டது.

"...அங்க அது பெரிய ஜனாதிபதிங்க. ஆனா அந்த மாமியாளுக்குக் கீழ ஒத்துக்கலீங்க. அந்தத் தண்ணி ஒடம்புக்குச் சேரல. ராத்திரியில தூக்கம் கெடையாது. சுவரெல்லாம் சுடும். கண்ண மூடுனா தோட்டத்துல மொளகு உதுர்ற மாதிரியே இருக்கும்."

"அங்க மொளகா?"

"கெழங்குங்க. கெழங்கு" என்றார் அத்தை அவசரமாக. "மருமவகிட்டச் சொல்லாதீங்க. அது பாவம், நாட்டைப் பாக்குமா, இதைக் கேக்குமா?"

கையில் ஒரு செருப்பும் காலில் ஒரு செருப்புமாக நின்றேன். அப்படி ஒருவர் இருந்ததாக எங்கும் இல்லை என்று அடுப்படியில் நான் சொல்லியாகிவிட்டது. அது தெரிந்தேதான் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லாததை எல்லாம் அந்த மாமியாருக்குக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பறம் அந்தம்மா மலைக்கே போயிட்டாங்களாக்கும்?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

முறத்தில் கடலையைத் தட்டிச் சேர்க்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நா கெளம்பிருச்சுங்க. புள்ளையத் தூக்கிட்டு, பையை எடுத்துட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லல. மலை பஸ்சு நின்னுக்கிட்டிருந்துச்சு. ஏறி உக்காந்திருச்சுங்க."

"அய்யோ. அப்பறம்?"

"புள்ள மாரத் தேட ஆரம்பிச்சிருச்சு. பால் நேரம். பஸ்சு கெளம்புனா வளைவு முச்சூடும் புள்ள அழுவும். எறங்கி மருமவ ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

முந்தைய வாரம் ஒரு நாள் அத்தை பள்ளி வாசலுக்கு மிகவும் தாமதமாக வந்தார். வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் கட்டைப்பை இருந்தது. கடைக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்தேன். பை ஏன் அவ்வளவு புடைத்திருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தேன். குழந்தை பசியில் கத்தியதால் வேறெதையும் யோசிக்கவில்லை.

உள்ளே போவதா, தெரு முனை வரைக்கும் திரும்பிப் போய் இப்போதுதான் வருகிறவள் மாதிரி வருவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டும் இல்லாமல், இருந்த இடத்திலேயே இருமினேன். பேச்சு நின்றது.

"வந்துட்டியா கண்ணு. டீ வெக்கட்டுமா?"

"அத்தை, நாளான்னிக்கு ஊட்டுக்குப் போயிட்டு வரலாமுங்களா?"

"எதுக்கு? பரீச்சைப் பேப்பர் திருத்தோணும்னியே."

"மொளகு காயப் போட்டது என்ன ஆச்சோன்னு."

அவர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. எவ்வளவு கேட்டேன் என்று அளப்பது மாதிரி இருந்தது. "போவோணும்னா போலாம்" என்றார். "உம் இஷ்டம்."

சனிக்கிழமை முதல் பஸ்சில் ஏறினோம். குழந்தை வளைவுகளில் வாந்தி எடுக்கவில்லை. அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காற்று குளிர ஆரம்பித்த இடத்திலிருந்து முகத்தை வெளியே நீட்டியபடியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தோட்டத்துக்குப் போனார்.

இதை எழுதும் இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைசி பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நேற்றிலிருந்து கணவர் இரண்டு தடவை, "எத்தன பேரு எறங்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். அத்தையைக் கேளுங்கள் என்றேன். அத்தை அவளைக் கேளு என்றாராம். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரை குழந்தையை இங்கே விட்டுவிட்டு வாராவாரம் வரலாமா, பால் நின்றுவிடுமா, அல்லது நானே வேலையை விட்டுவிடலாமா, விட்டுவிட்டால் அத்தை இத்தனை வெயில் தாங்கியது எதற்கு? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வருகிறது. அடுத்த பதில் வந்து அதை அழித்துவிடுகிறது. அத்தையிடம் நேராகக் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பார். வேறு யாருடைய மாமியாரையாவது பற்றித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அவர் முற்றத்தில் மிளகைக் கையால் கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் குழந்தை ஒரு மிளகை வாயில் போட்டுவிட்டு முகம் சுளித்து அழுகிறது. அத்தை விரலை விட்டு எடுத்து, "காரமா சாமி, காரமா?" என்று சிரிக்கிறார். கட்டைப்பை உள்ளே சுவரில் காலியாகத் தொங்குகிறது. அதை எடுத்து வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

"ஏனுங்க அத்தை" என்று கூப்பிட்டேன். "அந்த மலை நாட்டு மாமியா, பஸ்சுலருந்து எறங்குனதுக்கு அப்பறம் என்ன பண்ணுனாங்க?"

கை நின்றது. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதைத்தான் அவளும் யோசிச்சிட்டிருக்கா" என்றார்.